நான்கெல்லையும் நடுவூரும்: தமிழ் நாவலில் மெய்யிடமும் புனைவிடமும்

வேப்பம்பட்டிலிருந்து சென்னைப் பக்கம் போகும் மின்சார ரயில் அடுத்து நிற்கும் நிலையம் திருநின்றவூர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனாரின் ஊர் அது. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல், பூசலார் தம் மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்குகிறார். சேக்கிழார் இந்த இடத்தில் அவசரப்படுவதில்லை. மனத்தில் பொருள் சேர்கிறது. தச்சர்கள் வருகிறார்கள். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடப்படுகிறது, இரவிலும் உறங்காமல் வேலை நடக்கிறது. விமானம் எழுந்து, சுதை வேலை முடிந்து, கிணறு, மதில், குளம் என்று ஒன்று விடாமல் வந்து சேர்கின்றன. அதே வேளையில் காஞ்சியில் காடவர் கோமான் கல்லால் பெரிய கோயில் எழுப்பி, இறைவனை எழுந்தருளச் செய்ய நாள் குறிக்கிறான். இரண்டும் ஒரே நாளாகிவிடுகிறது. இறைவன் அரசனின் கனவில் வந்து, நின்றவூரில் அன்பன் ஒருவன் கட்டிய கோயிலுக்கு நாளை போக வேண்டியிருக்கிறது, உன் விழாவைப் பிறகு வைத்துக்கொள் என்கிறார். அரசன் நின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்கிறார்கள் ஊரார்.

நாவலில் இடம் எப்படி உருவாகிறது என்று ஆராயப் புகுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் தமிழில் இல்லை என்பது என் கருத்து. காஞ்சி கண்ணால் காணும் ஊர், நின்றவூரும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே மனத்தில் மட்டும் நிற்கும் ஒரு கோயில் இருக்கிறது. ஊர்ப் பெயரும் வழியும் மெய்யாக இருப்பதால்தான் அரசனால் தேடி வர முடிகிறது. தேடி வந்ததால்தான் அங்கே கோயில் இல்லாதது கதையின் உச்சமாகிறது. காஞ்சிக்குப் பதிலாக ஏதோ ஒரு கனகபுரியும் நின்றவூருக்குப் பதிலாக ஏதோ ஒரு மணிநகரும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு இவ்வளவு வலிமை வந்திராது. 12ஆம் நூற்றாண்டில் இதைப் பாடிய சேக்கிழார், திருநின்றவூரிலிருந்து சற்றுத் தெற்கே உள்ள குன்றத்தூர்க்காரர். இந்த நிலம் அவருக்குத் தெரிந்த நிலம். இன்று திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் கல்லாலேயே நிற்கிறது. மனத்தில் எழுந்த இடம் பின்னாளில் மண்ணிலும் எழுந்துவிட்டது.

இக்கட்டுரைக்குத் தேவையான ஒரு சொல்லைப் பத்திர எழுத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும்போது, வடக்கே இன்னாருடைய மனை, தெற்கே இன்ன தெரு, கிழக்கே வாய்க்கால், மேற்கே புறம்போக்கு என்று நான்கெல்லை சொல்லி, அதன் மத்தியில் உள்ள இடம் இது என்று முடிப்பார்கள். தமிழ் நாவலாசிரியர்கள் பெரும்பாலோர் தம் ஊர்களை இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். மாவட்டம், ஆறு, பக்கத்து நகரம், ரயில் பாதை ஆகிய நான்கெல்லையும் மெய். மத்தியில் இருக்கும் சிற்றூர் மட்டும் புனைவு. இந்த அமைப்பு எப்போது உருவானது, எந்தக் காரணங்களால் நிலைத்தது, எப்போதெல்லாம் உடைந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நாவலுக்கு முன்

இந்த அமைப்பின் வேர் நாவலைவிடப் பழையது. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஆனால் பெயரில்லாத அந்தப் பெண்ணின் அழகைச் சொல்ல வரும் சங்கப் புலவர்கள் தொண்டியையும் கொற்கையையும் உறந்தையையும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். ஆள் யாரென்று தெரியக் கூடாது, நிலம் எதுவென்று தெரியலாம். உலகியல் வழக்கும் நாடக வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியம் சொல்வதை நாவலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். மெய்யும் புனைவும் கலக்க வேண்டும் என்பதோடு, எந்த அளவில் எது மெய்யாக இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

கம்பர் இதைத் தலைகீழாகச் செய்தார். கோசல நாடும் சரயுவும் அவர் கண்ணால் கண்டவை என்று கொள்ள இடமில்லை. பெயரை வடக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, வயலையும் வாய்க்காலையும் காவிரிக் கரையிலிருந்து கொண்டுவந்தார். அவர் பிறந்த தேரழுந்தூர் மயிலாடுதுறைக்குப் பக்கம். முதல் தமிழ் நாவலும், அன்று மாயூரம் எனப்பட்ட அதே ஊரின் மனிதர் கையிலிருந்துதான் வந்தது.

எல்லையில்லாத ஊர்கள், எல்லைக்குள் வந்த ஊர்

1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ சத்தியபுரியில் தொடங்குகிறது. ஆதியூர் வருகிறது, விக்கிரமபுரி வருகிறது. விக்கிரமபுரியில் கதைநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள்கிறாள். இந்த ஊர்களுக்குத் திசையில்லை, தொலைவில்லை. பழைய கதைகளில் வரும் ஊர்களைப் போலவே இவையும் அறத்தின் பெயரால் அமைந்தவை. ஆசிரியரோ மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நிலத் தகராறும் பாகப் பிரிவினையும் நாள்தோறும் அவர் முன் வந்திருக்கும். நான்கெல்லை எழுதிய ஆவணங்களைப் படித்துப் படித்துப் பழகிய மனிதர், தம் கதைக்கு ஓர் எல்லைகூட எழுதவில்லை. அவருக்கு இடம் எழுதத் தெரியவில்லை என்று விமரிசகர்கள் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஊரையும் குடும்பங்களையும் பெயர் சொல்லி அறிந்த நீதிபதி ஒருவர், எந்தக் குடும்பமும் தன்னைச் சொல்வதாக நினைக்க முடியாத ஊரைப் படைத்தார் என்று கொள்வதே பொருத்தம். பெண் கல்வியையும் நீதி வழங்கும் முறையையும் பற்றி அவர் பேச நினைத்ததைப் பேச அந்த வெற்று வெளி அவருக்குத் தேவைப்பட்டது.

இலங்கைத் தமிழ் எழுத்தாளர்கள் வேறு வழியில் போனார்கள். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ எகிப்தின் கெய்ரோவில் தொடங்கும் கதை. எகிப்தின் அராபி பாஷா 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்திருந்தார், சித்திலெப்பை அவரோடு பழகியவர். தொலைதேசத்து மெய்யூர் இப்படித் தமிழ்க் கதைக்குள் வந்தது. திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்ட ‘மோகனாங்கி’யில் நாயக்கர் காலத்துத் திருச்சியும் தஞ்சையும் களமாயின. இன்று படிப்பவர் குறைவு என்றாலும், பின்னால் கல்கி எழுதிய சரித்திர நாவல்களின் முறைக்கு முன்னோடி இதுதான்.

உண்மையான திருப்பம் பி. ஆர். ராஜமய்யரிடம் நிகழ்ந்தது. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து 1896இல் நூலான ‘கமலாம்பாள் சரித்திரம்’, மதுரை ஜில்லாவைச் சேர்ந்த சிறுகுளம் என்ற கிராமத்தில் நடக்கிறது. ஜில்லா மெய், கிராமம் புனைவு. தமிழ் நாவலில் நான்கெல்லை முதன்முதலாகப் போடப்பட்டது இங்கேதான். ராஜமய்யர் வத்தலக்குண்டில் பிறந்தவர். சிறுகுளத்து அக்கிரகாரத்துப் பெண்கள் குழாயடி வம்பு போல நீட்டி நீட்டிப் பேசும் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் தமிழ் வகுப்பும், பேயாண்டித் தேவனின் கொள்ளையும் மதுரைச் சீமைக்கே உரியவை. கிராமத்தின் பெயர் மாறியதால் எவருடைய வீட்டு வம்பையும் அவரால் எழுத முடிந்தது. மாவட்டத்தின் பெயர் மாறாததால் அந்தப் பேச்சு வேரோடு நின்றது. வேதநாயகம் பிள்ளைக்கும் ராஜமய்யருக்கும் இடைப்பட்டவை ஏறத்தாழ 15 ஆண்டுகளே. அந்த இடைவெளியில் தமிழ்க் கதை ஓர் உலகத்தைவிட்டு இன்னோர் உலகத்துக்கு வந்துவிட்டது.

இதன் பின்னணியில் ரயிலுக்கும் பத்திரிகைக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில், இன்றைய அம்பத்தூர், ஆவடி, வேப்பம்பட்டு, திருவள்ளூர் வழியாகச் செல்லும் இதே பாதையில்தான் போனது. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு மைல் கணக்கிலும் மணிக் கணக்கிலும் எல்லாருக்கும் தெரிந்த செய்தியான பிறகு, திசையில்லாத சத்தியபுரியை வாசகர் ஏற்பது கடினம். மாதப் பத்திரிகையோ கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் ஒருங்கே படிக்கப்பட்டது. எங்கே நடக்கிறது என்று கேட்கும் வாசகர் வந்துவிட்டார்.

இதற்குப் பின் வந்த துப்பறியும் நாவல்கள் ஒரு பின்னடைவு. ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் ரெயினால்ட்ஸ் முதலான ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தழுவி எழுதினார்கள். ‘இரத்தினபுரி இரகசியம்’ என்ற தலைப்பே போதும். லண்டன் மாளிகைக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிய ஊர்கள் அவை. வாசகர் கூட்டத்தை வளர்த்ததில் அவற்றின் பங்கு பெரிது. இடம் எழுதும் கலைக்கு அவை தந்தது குறைவு.

திரும்பத் திரும்ப வந்த ஊர்

ஒரு புனைவூரை ஒரே நாவலோடு விட்டுவிடாமல் பல கதைகளில் வாழவைக்கும் முறை 1930களில் தொடங்கியது. சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்த ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதியவர் என்றாலும் இந்த வரலாற்றில் அவருக்கு இடமுண்டு. 1935இல் வெளியான அவரது முதல் நாவலிலேயே மால்குடி வந்துவிட்டது. ஒரு விஜயதசமி நாளில் எழுத உட்கார்ந்தபோது, மால்குடி என்ற பெயரோடு அதன் ரயில் நிலையமும் சேர்ந்தே தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். சரயு ஆறு, மெம்பி மலை, லாலி எக்ஸ்டென்ஷன் எல்லாம் கற்பனை. அங்கிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய சென்னையும் திருச்சியும் மெய். ஒரு புனைவூருக்கு முதலில் கட்ட வேண்டியது வெளியூருக்குப் போகும் வழி என்பதை நாராயண் போலத் தெளிவாகக் காட்டியவர் குறைவு.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர் க. நா. சுப்ரமண்யம். அவருடைய சாத்தனூர் கும்பகோணத்துக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கிறது. ‘பொய்த்தேவு’ (1946) நாவலின் சோமு, சாத்தனூர் மேட்டுத் தெருவில் ஏழையாகப் பிறந்து, வியாபாரத்தில் உயர்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுப் பண்டரிபுரம் போகிறான். அதே சாத்தனூரின் அக்கிரகாரம் ‘ஒரு நாள்’ நாவலில் வருகிறது. மேட்டுத் தெருவிலிருந்து பார்த்த ஊர் ஒன்று, அக்கிரகாரத்திலிருந்து பார்த்த ஊர் வேறொன்று. தெருவுக்குத் தெரு மாறும் ஊரை எழுத இந்த முறை எவ்வளவு வசதியானது என்பதை க.நா.சு.வுக்குப் பின் வந்தவர்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

கல்கியின் ‘தியாக பூமி’யில் வரும் நெடுங்கரை இன்னொரு வகையில் முக்கியமானது. நாவல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் இயக்கிய அதே கதையின் திரைப்படத்திலிருந்து எடுத்த படங்களோடு வந்தது. 1939இல் படமும் வெளியானது. இல்லாத ஊருக்குப் புகைப்படம் இருந்தது. ‘பொன்னியின் செல்வ’னில் அவர் வேறு முறையைக் கையாண்டார். வீராணம் ஏரி மெய், கோடிக்கரை மெய், கடம்பூர் மெய். கடம்பூரில் சம்புவரையர் மாளிகையைத் தம் கதைக்காக அவரே எழுப்பினார். ஊரை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் புனையும் இந்த முறை பூசலார் கதையின் முறைதான்.

சென்னையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரை மாற்றவில்லை. 1943இல் புதுமைப்பித்தன் தம் சிறுகதை ஒன்றில் கடவுளையே பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் இடத்துக்கு அழைத்து வந்தார். தெரு அத்தனை மெய்யாக இருந்ததால் கடவுளையும் வாசகர் நம்பினார். பின்னர் ‘தண்ணீர்’ எழுதிய அசோகமித்திரனுக்கும் சென்னையின் குழாயடியே போதுமானதாக இருந்தது. தி. ஜானகிராமன் கும்பகோணத்தைக் கும்பகோணமாகவே ‘மோகமுள்’ளில் வைத்தார். நகரத்தில் ஆயிரம் வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டை ஒளித்துவிடலாம். 100 வீடுள்ள கிராமத்தில் அது முடியாது. புனைவூர் கிராமத்துக்கே அதிகம் தேவைப்பட்டதன் சமூகக் காரணம் இது. தெருவின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், வீட்டின் அடையாளத்தைச் சொன்னால் குடும்பம் தெரிந்துவிடும்.

தெற்கிலும் கரிசலிலும்

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மண்ணோடு உறவுள்ளவர்களிடமிருந்து வரிசையாக நாவல்கள் வந்தன. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பனைவிளை என்ற புனைவூரில் பனையேறிகளின் வாழ்வைச் சொன்னது. மதுரம் பூதலிங்கம், கிருத்திகா என்ற பெயரில் ‘வாசவேச்வரம்’ (1966) எழுதினார். இந்திரன் பெற்ற சாபத்தோடு பின்னிய பெயர் கொண்ட அக்கிரகாரம் அது. கற்பனை ஊருக்குத் தலபுராணமும் சேர்த்தே படைத்தார் அவர். ஆண்-பெண் உறவின் மறைவுகளை ஒரு பெண் அந்தக் காலத்தில் அத்தனை வெளிப்படையாக எழுத, வரைபடத்தில் இல்லாத ஊர் அவருக்குக் காவலாக நின்றது. அதே 1966இல் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாகர்கோவில் மண்ணிலிருந்து வந்தது. நீல பத்மநாபன் இந்த வழக்கை மீறி, ‘தலைமுறைகள்’ (1968) நாவலில் இரணியலை இரணியல் என்றே எழுதினார். அண்டை மொழியில் 1969இல் ஓ. வி. விஜயன், பாலக்காட்டுத் தஸ்ராக்கைக் கசாக்காக மாற்றி மலையாள நாவலையே திருப்பிவிட்டதும் இதே காலம்.

ஊர்ப் பெயரை மாற்றிய தெற்கத்தி எழுத்தாளர்கள் பேச்சை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பனைவிளை என்ற ஊரை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்த நாவலைப் படிப்பவர் எந்த மலைக்கும் எந்தக் கடலுக்கும் நடுவே இருக்கிறார் என்பதை அந்த மக்களின் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். நான்கெல்லைக்குள் ஓர் எல்லை மொழி.

ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ (1973) நாவலில் வரும் கிருஷ்ணராஜபுரம் வேறு வகை. கதைநாயகன் ஹென்றி அந்த ஊரைப் பார்த்தவன் இல்லை. வளர்த்த தந்தை சொல்லக் கேட்டுக் கேட்டு மனத்தில் கட்டிவைத்த ஊரைத் தேடி வருகிறான். பூட்டிக் கிடக்கும் வீடு அவனுக்காகக் காத்திருக்கிறது. மனத்தில் கட்டிய இடத்தை மண்ணில் தேடி வருபவனின் கதை என்ற வகையில் எனக்கு இது மிகவும் பிடித்த நாவல்.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) இந்த வரலாற்றின் சிகரம். கோவில்பட்டிக்கு அருகே உள்ள அவரது சொந்த ஊர் இடைசெவல். அதைக் கோபல்லமாக மாற்றியபோது அவர் பெயரை மட்டும் மாற்றவில்லை, ஊர் பிறந்த கதையையே எழுதினார். தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கு அஞ்சித் தெற்கே வந்த மக்கள் காட்டைத் தீயிட்டு அழித்து, அந்தச் சாம்பலின் மேல் ஊர் அமைக்கிறார்கள். மங்கத்தாயாரு அம்மாள் என்ற பழுத்த கிழவியின் வாய்மொழியில் அந்தப் பயணம் நமக்குக் கிடைக்கிறது. கதையின் தொடக்கத்திலேயே நகைக்காக ஒரு சூலி குளத்து நீருக்குள் அமிழ்த்திக் கொல்லப்படுகிறாள். சாகும்போது கள்ளனின் கால் கட்டைவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள், அதனால் அவன் அகப்படுகிறான். இப்படி ஒரு சம்பவம் இன்ன ஊரில் இன்ன நாளில் நடந்தது என்று எழுதினால் அது செய்தி. கோபல்லத்தில் நடந்ததாக எழுதும்போது கரிசல் காட்டு ஊர்கள் அத்தனைக்கும் உரிய நினைவாகிறது. கதையின் முடிவிலோ கும்பினி ஆட்சி போய் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வருகிறது. ஊர் புனைவு, காலம் மெய். நான்கெல்லையில் வரலாறும் ஓர் எல்லையாக முடியும் என்று கி.ரா. காட்டினார்.

பூமணி ‘அஞ்ஞாடி’யில் (2012) இதை மேலும் கொண்டுபோனார். கலிங்கல் என்ற புனைவூரின் மக்கள் 1895 கழுகுமலைக் கலவரத்துக்கும் 1899 சிவகாசிக் கலவரத்துக்கும் நடுவே வாழ்கிறார்கள். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்ட’த்தில் (2008) மதுரை நகரும், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அதன் கோட்டை இடிக்கப்பட்டதும் மெய். இரவில் அந்த நகரைக் காத்த கள்ளர்களின் தாதனூர் புனைவு. இந்த இரு நாவல்களிலும் பெரிய நிகழ்வுகளுக்கு ஆண்டு உண்டு, ஆவணம் உண்டு. சிறு மனிதர்களின் ஊருக்கு ஆவணம் போதாது, ஆகவே அதைப் படைக்க வேண்டியிருக்கிறது. எளிய மக்களின் வரலாறு எழுதப்படாத நாட்டில் புனைவூர் ஓர் ஆய்வுக் கருவி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முழுக்கக் கட்டிய நகரமும் பறிபோன பெயரும்

நான்கெல்லையையே கைவிட்டவர்களும் உண்டு. தமிழவன் 1980களிலும் 90களிலும் மாய யதார்த்த முறையில் எழுதிய நாவல்கள் வழி வகுத்தன. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) ஒரு பெருநகரையே எழுப்பியது. சோனா நதிக்கரை, வானளாவிய கோபுரங்கள், மூன்று கருவறைகளை நிறைத்துப் படுத்திருக்கும் பெருமாள். வரைபடத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் அங்கே நடக்கும் பௌத்த, சமண, வைதிக வாதங்கள் இந்தியத் தத்துவ மரபின் வாதங்கள். நிலத்தின் எல்லைக்குப் பதிலாக அறிவின் எல்லை போடப்பட்டது. ஈழத்தவரான ஷோபாசக்தி தம் ‘பாக்ஸ் கதைப் புத்தக’த்தில் (2015) வன்னிப் போரின் பின்னணியில் பெரிய பள்ளன்குளம் என்ற கிராமத்தை வைத்தார். போரில் அழிந்த ஊர்கள் பல இருக்க, அவை எல்லாவற்றுக்காகவும் பேச ஒரு புனைவூர் தேவைப்பட்டிருக்கிறது.

எதிர்த்திசையில் பெருமாள்முருகனுக்கு நேர்ந்தது தமிழ் நாவல் வரலாற்றில் முன்னெப்போதும் நேராதது. ‘மாதொருபாகன்’ (2010) திருச்செங்கோட்டைத் திருச்செங்கோடாகவே எழுதியது. மலைக்கோயில் தேர்த் திருவிழாவின் ஒரு வழக்கத்தைப் பிள்ளையில்லாத தம்பதியின் துயரத்தோடு சேர்த்தது. நான்காண்டுகளுக்குப் பின் 2014 டிசம்பரில் எதிர்ப்பு எழுந்தது, நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிடுவதாக அவர் அறிவித்தும் அடங்கவில்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது.

ஊர்ப் பெயரை மாற்றியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ராஜமய்யரும் கிருத்திகாவும் கி.ரா.வும் பெயரை மாற்றியது அவர்கள் விருப்பம், அவர்கள் கலை. அச்சத்தால் மாற்றும் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே 2016இல் பெருமாள்முருகன் ‘பூனாச்சி’யோடு திரும்பி வந்தார். ஆட்டுக்குட்டிகளுக்கும் காது குத்தி அடையாளம் போட்டுக் கணக்கெடுக்கும் ஓர் அரசு அதில் இருக்கிறது. ஊருக்கும் நாட்டுக்கும் அடையாளப் பெயரில்லை, மேய்ச்சல் காடு மட்டும் கொங்கு நாட்டு மானாவாரி மண்ணாகவே இருக்கிறது. சத்தியபுரியிலிருந்து புறப்பட்ட தமிழ் நாவல் 137 ஆண்டுகளுக்குப் பின் திசையில்லாத நாட்டுக்குத் தள்ளப்பட்டது. அங்கும் அவர் நல்ல நாவல் எழுதியது அவருடைய ஆற்றல்.

நம் பக்கம்

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்த வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’ (2009), தீப்பெட்டிப் படத்தில் புலியை வெட்டும் மனிதனைத் தேடும் கதையின் வழியே திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களையும் திராவிட இயக்கத்தின் காலத்தையும் எழுதியது. நம் பகுதிக்கு அதுவே பெரிய கொடை. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள், பிளாட் வாங்கி வீடு கட்டி வேப்பம்பட்டிலும் திருநின்றவூரிலும் குடியேறியவர்கள் ஆகியோரின் வாழ்க்கைக்கு ஒரு சாத்தனூரோ கோபல்லமோ இன்னும் வரவில்லை.

வந்தால் அது எப்படி அமையும்? இங்கே ஒரே பெயருக்குள் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஏரிக்கரையைச் சுற்றிய பழைய ஊரும் அதன் காலனியும் ஒன்று. அங்கே தெருவைச் சொன்னால் ஆள் தெரியும், கோயில் திருவிழாவில் யாருக்கு என்ன உரிமை என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ரயில் பாதையை ஒட்டி வயல்களில் எழுந்த மனைப்பிரிவுகள் மற்றொன்று. மனை விற்றவர்கள் வைத்த நகர் பெயர், அதற்குள் முதல் தெரு, இரண்டாம் தெரு. எதிர்வீட்டுக்காரர் எந்த மாவட்டத்துக்காரர் என்பதே பல நேரம் தெரியாது. ராஜமய்யர் காலத்து முறையை இங்கே அப்படியே எடுக்க முடியாது. பழைய ஊரின் தெருக்களையும் கோயிலையும் புனைவாக்க வேண்டியிருக்கும், கிராமத்து நாவலாசிரியர் அனைவரும் செய்தது போல. மனைப்பிரிவின் தெருக்களையோ உள்ளபடியே எழுதலாம், நகரத்து நாவலாசிரியர்கள் சென்னையை எழுதியது போல. ஒரே நாவலில் இரண்டு முறையும் வர வேண்டும். அந்த இரண்டும் உரசும் இடங்கள் ரேஷன் கடை வரிசை, ஊராட்சித் தேர்தல், சுடுகாட்டுப் பாதை, ஏரிக்கு வரும் தண்ணீர் ஆகியவை. கதை அங்கேதான் இருக்கிறது.

எதை வேண்டுமானாலும் புனையலாம், தண்ணீர் போகும் திசையை மட்டும் மாற்றக் கூடாது. இந்தப் பகுதிக்கு வடக்கே கொசஸ்தலையாறு, தெற்கே கூவம், கிழக்கே ஆவடி, மேற்கே திருவள்ளூர். ஏரி நிறைந்து கலங்கல் வழியே வழிந்தால் வெள்ளம் எந்தத் தெருவுக்குள் நுழையும், போக்குக் கால்வாயை அடைத்து எழுந்த மனை எது, ஐப்பசியில் எந்த வீட்டுக்காரர் கட்டிலை மாடிக்கு ஏற்றுவார் என்பதெல்லாம் அந்தத் திசையைப் பொறுத்தது. அதை அறிந்துகொள்ளப் பழைய கிராம வரைபடத்தையும் புல எண்களையும் படிக்க வேண்டும், ஏரிப் பாசனம் பார்த்த முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். மனைப்பிரிவு வருவதற்கு முன் மடை எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கு என்ன பெயர் வைத்தாலும் வாசகர் நம்புவார்.